“அது உங்க கதைம்மா!”

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். என் அப்பா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் கூலி. நான் லைன் வீட்டில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுபோக இருந்த என்னை ஒரு டீச்சர்தான் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தார். (ரிட்டயர்டு ஆகி ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் இருப்பதாகக் கேள்வி.) இன்று எனக்கு அரசு வேலை, அஸ்தம்பட்டியில் சொந்த வீடு. எல்லாம் கர்த்தருடைய கிருபை. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பே இல்லை. மகன் பிளஸ் டூ, மகள் எட்டாவது. குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு மூன்று நன்மைகளைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். போன வாரம் மகன், “நேத்து சொன்னதேதான், ஆமென்” என்று எழுந்துவிட்டான். கோபத்தில் நான் கஞ்சிக்கு அழுத கதையைச் சொன்னேன். “அது உங்க கதைம்மா, எங்களுக்கு எதுக்கு?” என்றான். பரணில் இருக்கும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக்கூடத் தூக்கிப் போடச் சொல்கிறான். தேவன் செய்த நன்மைகளை மறக்காத பிள்ளைகளாக இவர்களை எப்படி வளர்ப்பது?

— பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். “நேத்து சொன்னதேதான், ஆமென்” என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மில் பலர் முப்பது நாற்பது வருஷமாக நீட்டி முழக்கிச் செய்வதும் அதைத்தானே. “கடந்த இரவு முழுவதும் கண்ணின் மணிபோல் காத்து வந்தீரே” என்று தொடங்கினால் ஆமென் வரைக்கும் வாய் தானாக ஓடும். மனசு அடுப்பில் வைத்த பாலிடம் போயிருக்கும். பையன் அதைச் சுருக்கிவிட்டான், அவ்வளவுதான்.

அடுத்து அவன் சொன்னதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. அவன் லைன் வீட்டில் பிறக்கவில்லை, கஞ்சிக்கு அழவில்லை. தனக்கு நடக்காத ஒன்றை அவன் எப்படி நினைத்துப் பார்ப்பான்? மறந்துவிட்டான் என்று வருத்தப்படுகிறீர்கள். மறப்பதற்கு அவனிடம் அது இருந்ததே இல்லையே.

“என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே” என்ற 103-ஆம் சங்கீத வசனம் நம் வீட்டுக் காலண்டர்களில் எல்லாம் இருக்கிறது. தாவீது அதைத் தன் ஆத்துமாவிடம்தான் சொல்கிறார், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. (தாவீது பிள்ளைகளால் பட்ட பாடு தனிக்கதை, அதற்கு இன்னொரு இதழ் வேண்டும்.) உபாகமம் 8-ஆம் அதிகாரமும் அப்படித்தான். சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருந்து, ஆடு மாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதே என்று மோசே சொன்னது, வனாந்தரத்தை நடந்தே கடந்த ஜனங்களிடம். மறதி நல்ல வீட்டில்தான் குடியேறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீடு கட்டியது நீங்களும் நானும். பிள்ளைகள் அதில் பிறந்தார்கள்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். உங்கள் கதை எப்படி அவனுடைய கதை ஆகும்?

அதே உபாகமத்தில் 26-ஆம் அதிகாரத்தை எடுத்து வையுங்கள். நிலத்தின் முதல் விளைச்சலான முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுபோகிறவன் அங்கே நின்று ஒரு கதை சொல்ல வேண்டும். நல்ல விளைச்சல், ஸ்தோத்திரம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட முடியாது. “என் தகப்பன்” என்று அலைந்து திரிந்த முற்பிதாவிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு, எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று சொல்ல வேண்டும். எங்களை! கானானில் பிறந்து கானானிலேயே உழுது அறுத்தவன் எகிப்தைக் கண்ணால் பார்த்திருப்பானா? ஆனாலும் அவன் வாயில் “எங்களை” என்றுதான் வருகிறது.

நாம் வீட்டில் கதை சொல்லும் விதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். “நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம், நீங்க என்னடான்னா...” தமிழில் நாங்கள் வேறு, நாம் வேறு. “நாங்க” என்று ஆரம்பித்த உடனேயே பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தியாகிவிட்டது. அவன் வெளியே நின்றுகொண்டே “அது உங்க கதைம்மா” என்கிறான். உங்கள் இலக்கணத்துக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. என் மகளிடம் பட்டுக்கொண்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சேலத்தில் தண்ணீர்க் கஷ்டம். நடுராத்திரியில் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்போம். மகள் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் அந்தக் கதையை எடுப்பேன். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே என் குரலில் முழுவதையும் சொல்லி முடித்தாள், அந்த இருமல் உட்பட. எனக்குக் கோபமான கோபம். கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ தாத்தா அழுவாராம்மா?” என்று கேட்டாள். திக்கென்றது. அப்பா ஒரு ராத்திரி காலிக் குடத்தோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ முறை கதை சொன்னேன், அதைச் சொன்னதே இல்லை. ஜெயித்த பக்கத்தை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுவதும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என் குரலில் நடித்துக் காட்டவில்லை.

நம் ஊரில் தெருவுக்கு ஒரு எபிநேசர் இல்லம் இருக்கிறது. பைபிளில் எபெனேசர். 1 சாமுவேல் 7-இல் சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்று சொல்லி வைத்த பெயர். சரி, அதே பெயர் அதே புத்தகத்தில் 4-ஆம் அதிகாரத்தில் எங்கே வருகிறது தெரியுமா? இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்று, ஆயிரக்கணக்கில் ஜனங்களைப் பறிகொடுத்து, உடன்படிக்கைப் பெட்டியையும் இழந்தார்களே, அந்த யுத்தத்துக்குப் பாளயமிறங்கிய இடம் அதுதான். தோல்வியின் பெயரையே எடுத்து நன்றிக் கல்லுக்கு வைத்திருக்கிறார்கள். நம் சபைகளில் சாட்சி நேரத்தில் சைட் வாங்கியது, கார் வாங்கியது, மகனுக்கு விசா கிடைத்தது எல்லாம் வருகிறது. வரட்டும், தப்பில்லை. ஆனால் கடன்காரன் வாசலில் நின்ற மாதத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. நம் பிள்ளைகளும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

அப்புறம், கடிதத்தில் எழுதாத ஒன்று. “எத்தனை பிள்ளைங்க சோத்துக்கு இல்லாம இருக்குதுங்க தெரியுமா” என்று சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். லூக்கா 18-இல் பரிசேயன் செய்தது என்ன ஜெபம்? அதுவும் ஸ்தோத்திர ஜெபம்தான். தூரத்தில் நின்ற வரி வசூல்காரனைக் குறித்து, “இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்” என்றான். அடுத்தவன் இல்லாமையைக் காட்டிப் பிள்ளைக்கு நன்றி சொல்லப் பழக்கினால் கடைசியில் அவன் அந்தப் பக்கத்தில்தான் போய் நிற்பான். உபாகமம் 26-இல் கூடை கொண்டுபோனவன் திரும்பி வந்து சொந்த நிலமில்லாத லேவியனோடும், வேற்றூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது. இல்லாதவனை அங்கே சுட்டிக் காட்டுவதில்லை, கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். நம் ஊரில் கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் குடியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் உறுத்தும். லைன் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என்ன செய்வது?

மூன்று நன்மைக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிடுங்கள். பிளஸ் டூ பையன் மண்டைக்குள் பரீட்சை மட்டும்தான் ஓடும். அவன் பாரத்தைச் சொல்லவும் அந்த ஜெபத்தில் இடம் இருக்கட்டும். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். “எதுவரைக்கும்” என்று முறையிட்டுத்தான் தொடங்குகிறது, பாட்டு கடைசி வசனத்தில்தான் வருகிறது. நீங்கள் மட்டும் தினம் ஒரு நன்மையைச் சொல்லுங்கள். அதில் ஒரு ஆளும் ஒரு இடமும் இருக்கட்டும். “சுகம், பெலன், ஜீவன் தந்தீர்” என்றால் அது நேற்றும் அதேதான். இன்று ஆபீசில் யார் உங்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டார், அதைச் சொல்லுங்கள்.

டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். துடைத்து ஹாலில், கால் தட்டும் இடத்தில் வையுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். யோசுவா 4-இல் யோர்தான் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நிறுத்தினார்கள். எதற்கு? பிற்காலத்தில் பிள்ளைகள் ‘இந்தக் கற்கள் என்ன?’ என்று கேட்கும்போது சொல்வதற்கு. கேட்கும்போது! கல்லை வைப்பதுதான் அப்பா அம்மா வேலை. கேட்பது பிள்ளை வேலை. நாம்தான் அவர்கள் கேட்பதற்கு முன்பே பதிலைக் கொட்டிவிடுகிறோம். உங்கள் மகள் முதலில் கேட்பாள் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பு, நீங்கள் படிப்பை விட இருந்த அதே வகுப்பு.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். டீச்சரைப் பற்றி அடைப்புக்குறிக்குள் போட்டு, “கேள்வி” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போய்ப் பார்க்கவில்லை. ஏற்காடு பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகிறது, உங்கள் வீட்டுப் பக்கமாக, ஒவ்வொரு நாளும்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. லூக்கா 17-இல் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகமானார்கள். திரும்பி வராத ஒன்பது பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆசாரியர்களிடம் போங்கள் என்று அனுப்பியவரே இயேசுதான். சொன்ன பேச்சைக் கேட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்களும் அப்படித்தான், படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று நேராகப் போய்விட்டீர்கள். ஒருவன் மட்டும் வழியில் நின்று வந்த பாதையிலேயே திரும்பி நடந்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அவர் யார் கையால் கொடுத்தாரோ அந்தக் கையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது?

உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழும். பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளைவெளேரென்று பூத்து, மல்லிகை மாதிரி மணத்து, ஓரிரு நாளில் வாடிவிடும். பழம் பறிப்பதென்னவோ வருஷக் கடைசியில். பறிக்கிற கைக்கு அந்த மழை எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று சொல்லாதீர்கள், பையன் வரமாட்டான். என் டீச்சரைப் பார்க்கப் போகிறேன், துணைக்கு வா என்று கூப்பிடுங்கள். மாம்பழ சீசனாக இருந்தால் நல்ல மல்கோவா நாலு வாங்கிப் போங்கள், மேலே இருப்பவர்களுக்கு அது விசேஷம். டீச்சர் வீட்டில் நீங்கள் அதிகம் பேச வேண்டாம். எட்டாம் வகுப்பில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் அவரே சொல்லட்டும். நீங்கள் அழுதால் பிள்ளைகள் பார்க்கட்டும், பரவாயில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும் என்றால் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட்டை மகனுக்குக் கொடுங்கள். பழைய லைன் வீட்டுப் பக்கம் பஸ் போனால் விரல் நீட்டிக் காட்டாதீர்கள். சும்மா பார்த்துக்கொண்டு வாருங்கள். “என்னம்மா பாக்குற?” என்று அவன் கேட்டால், அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா