32 ஜிபி போன் நிரம்பிவிட்டால் உடனே ரீசெட் வேண்டாம்

சகோ, காசிமேட்டு ஏல வாட்ஸ்அப் குழுவில் வரும் மீன் படங்கள் இறங்கவில்லை, 'இடம் இல்லை' என்றே வருகிறது, போனை ரீசெட் செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், பாக்கிக் கணக்கெல்லாம் அந்த சாட்டில்தான் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

32 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் கணிசமான இடத்தைப் பிடித்துவிடும், மீதிதான் நமக்கு. முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போங்கள். 5 எம்பிக்கு மேலான வீடியோக்களைத் தனியாகக் காட்டும், வேண்டாததை அழியுங்கள்.

அப்புறம் பலருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப் கடைசி ஏழு நாள் வரைக்கும் சாட் பேக்கப்பை போனிலேயே எடுத்து வைக்கும். ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று உள்ளே போய் 'டேட்டாபேசஸ்' ஃபோல்டரைத் திறந்தால் பெயரில் தேதி போட்ட பழைய கோப்புகள் வரிசையாக இருக்கும், அவற்றை அழிக்கலாம், தேதி இல்லாத ஒன்றை மட்டும் தொடாதீர்கள், அதுதான் கடைசி பேக்கப். என் போனில் இதிலேயே 2 ஜிபி கிடைத்தது.

போன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்புக்கு 'கிளியர் கேச்' அழுத்தலாம், பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வை அழுத்திவிடாதீர்கள், சாட் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வையுங்கள், தேவையான படத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். மெமரி கார்டு வாங்கினால் கேமரா படங்களுக்கு உதவும், வாட்ஸ்அப் அதற்குப் போகாது.