கல்லூரிக் கூடைப்பந்து: வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகள்தானா?

பதில்: கல்லூரியைப் பொறுத்தது. டியூக், கென்டக்கி மாதிரி பேர்பெற்ற இடங்கள் நாடு முழுக்கத் தேடும். சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் காரில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரத்தில்தான் பெரும்பாலும் ஆள் பார்ப்பார். வெளியூர் ஆட்களை வைத்து ஜெயிப்பது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1957-இல் 32 ஆட்டங்களிலும் தோற்காமல் பட்டம் வென்ற வட கரோலினா அணியின் முதல் ஐவரும் நியூயார்க் வட்டாரத்துப் பையன்கள். பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்குவயர் நியூயார்க்காரர். சொந்த ஊரில் அவருக்கு இருந்த பழக்கம்தான் அவர்களைத் தெற்கே கொண்டுவந்தது.

கேள்வி: உள்ளூரில் ஆள் சேர்க்க நடைமுறையில் என்ன செய்வார்கள்?

பதில்: முதல் வேலை பள்ளிப் பயிற்சியாளர்களோடு பழகுவது, அதுவும் வருடக்கணக்கில். இந்த வருடம் அங்கே பெரிய ஆட்டக்காரர் யாரும் இல்லாவிட்டாலும் போய்ப் பயிற்சியைப் பார்ப்பார்கள். கோடை முகாமுக்கு அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்துப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவரையே துணைப் பயிற்சியாளராக எடுப்பதும் சகஜம்.

ஆண்கள் ஆட்டத்தில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் கல்லூரிக்காரர்கள் மாணவரைப் போனில் அழைக்கலாம். அதுவரை பையனைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பள்ளி, கிளப் பயிற்சியாளர்களிடம்தான் போயாக வேண்டும்.

ஜூலையில் தெற்கு கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கிளப் அணிகள் மோதும் பீச் ஜாம் என்ற போட்டி நடக்கும். ஆடுகள ஓரத்து நாற்காலிகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு. அங்கே மாணவரிடம் பேச விதி இடம் தராது. அதனால் 'உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன்' என்பதை அந்தச் சட்டைதான் சொல்லியாக வேண்டும். அவர்கள் கவனிப்பது கூடையில் விழும் பந்தை மட்டுமல்ல. பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான், வெளியே உட்கார வைத்தால் முகம் எப்படிப் போகிறது, எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அங்கே சில நாள்தான் பார்க்க முடியும். பக்கத்து ஊர்ப் பையனை நாலு வருடம் பார்க்கலாம். உள்ளூர்க் கல்லூரிக்குப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

கேள்வி: கையருகே இருந்தவரைக் கோட்டை விட்ட கதை உண்டா?

பதில்: பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரிய நட்சத்திரமான ஸ்டீஃபன் கரி. வளர்ந்தது வட கரோலினாவின் சார்லட்டில். அப்பா டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமே உதவித்தொகை தராமல், வேண்டுமானால் அணியில் வந்து சேர்ந்துகொள் என்றது. ஒல்லி, குள்ளம் என்று பெரிய இடங்கள் ஒதுக்கிவிட்டன. சார்லட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் பாப் மெக்கிலப் அவரை நம்பி எடுத்தார். 2008-இல் டேவிட்சன் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. அந்தச் சுற்றில் கேன்சஸ் பல்கலைக்கழகத்திடம் இரண்டே புள்ளியில் தோற்றது.

கேள்வி: பெண்கள் ஆட்டத்திலும் இப்படி உண்டா?

பதில்: தாராளமாக. அயோவாவின் வெஸ்ட் டி மோயினில் வளர்ந்த கெய்ட்லின் கிளார்க் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2023, 2024 இரண்டு வருடமும் அதை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்.

கேள்வி: வீரர்கள் வருடாவருடம் கல்லூரி மாறும் காலத்தில் உள்ளூர்ப் பழக்கத்துக்கு இனி என்ன மதிப்பு?

பதில்: 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல், வந்தது. 2021-இல் ஒருமுறை மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இப்போது கல்லூரியே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம். பயிற்சியாளருக்கு 17 வயதுப் பையனைவிட, வேறு கல்லூரியில் ஆடித் தேறிய 22 வயதுக்காரர் மேலாகத் தெரிகிறார். இதில் அடிபடுவது பள்ளி முடிக்கும் பிள்ளைகள்தான். எனக்கு இது வருத்தமே.

ஆனாலும் பழக்கம் வீண்போகாது. 1974-இல், பின்னாளில் பெரிய நட்சத்திரமான லாரி பேர்ட் இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு மாதம்கூட இருக்கப் பிடிக்காமல் சொந்த ஊரான ஃபிரெஞ்ச் லிக்குக்குத் திரும்பினார். அதே மாநிலத்தின் வேறொரு பல்கலைக்கழகமான இண்டியானா ஸ்டேட்டின் துணைப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ் அந்த ஊருக்கே தேடிப் போய்ப் பேசி அவரை அழைத்துவந்தார். 1979-இல் அந்த அணி இறுதி ஆட்டம் வரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இன்றைக்கும் வேறெங்கோ போன பையன் வீட்டுப் பக்கம் திரும்ப நினைத்தால், பள்ளி நாளில் தன்னைப் பார்க்க வந்த பயிற்சியாளர் ஞாபகத்துக்கு வருவார்.

கேள்வி: எந்தத் தரவரிசையிலும் பெயர் இல்லாத மாணவர் என்ன செய்யலாம்?

பதில்: பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆரம்பிக்கட்டும். ஜூனியர் காலேஜ் எனும் இரண்டு வருடக் கல்லூரிகள் பலவற்றிலும், கல்லூரி விளையாட்டின் அடுத்த நிலையான இரண்டாம் டிவிஷனிலும் விளையாட்டு உதவித்தொகை உண்டு. மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்ட், யேல் மாதிரிப் பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீகிலும் கிடையாது. அங்கே படிப்புக்கோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ தருவார்கள். கோடை முகாமுக்குப் போகட்டும். அப்புறம், அனுப்பும் வீடியோவில் நல்ல ஷாட்களை மட்டும் வெட்டி ஒட்டாமல் முழு ஆட்டம் ஒன்றையும் சேர்க்கட்டும். தற்காப்பில் காலை எப்படி நகர்த்துகிறார் என்பது அதில்தான் தெரியும்.