மின்சாரத்தால் படியும் டைட்டானியம் படலம்

கேள்வி: எஃகுத் தகட்டின் மீது டைட்டானியம் டை ஆக்சைடைப் படியவைப்பதும் செம்பு முலாம் பூசுவதும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. செம்பு அயனி எதிர்மின்வாயில் எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகவே ஒட்டிக்கொள்கிறது. டைட்டானியம் அயனியை நீர்க்கரைசலில் அவ்வாறு உலோகமாக்க முடியாது என்பதால், எதிர்மின்வாயாக வைத்த தகட்டின் அருகே நீரோ நைட்ரேட்டோ ஒடுக்கமடைந்து (அதாவது எலக்ட்ரானைப் பெற்று) ஹைட்ராக்சைடு அயனிகள் பெருக, அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் காரத்தன்மை உயர்ந்து, டைட்டானியம் ஹைட்ராக்சைடு கூழாகப் படிகிறது. கரைசல் முழுவதுமே முன்கூட்டி வீழ்படிவாகிவிடாதிருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பதுண்டு. அப்போது கரைசல் ஆரஞ்சு நிறமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூழை உலர்த்திச் சுமார் 450 டிகிரி செல்சியசில் சுட்டால் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேஸ் கிடைக்கும். உண்மையான தலைவலி உலர்த்துவதில்தான்: நீர் வெளியேறும்போது படலம் சுருங்கி, வற்றிய குளத்துச் சேறு போல வெடித்துவிடும். ஆகவே, மெல்லிய படலமாகப் பலமுறை படியவைப்பதே என் பரிந்துரை.