டீ ஊத்தினா மேஜைய தட்டுறாங்களே?

கேள்வி: ஹாங்காங்ல பையன் வீட்டுக்கு போயிருந்தோம், ஹோட்டல்ல யாராவது டீ ஊத்தினா பக்கத்துல இருக்கவங்க விரலால மேஜைய தட்டுறாங்க, கோவமா? – வாசகி, மாம்பலம்

பதில்: ஐயோ, அது நன்றிம்மா! பேச்சு நிக்கக்கூடாதுன்னு ரெண்டு விரல மடக்கி தட்டுவாங்க. அந்தக்கால சீனப் பேரரசர் சியன்லோங் மாறுவேஷத்துல போய் கூட வந்தவங்களுக்கு டீ ஊத்தினாராம், கால்ல விழுந்தா குட்டு உடைஞ்சிடும்னு அவங்க விரல மண்டி போட வெச்சாங்களாம், கதைதான், ஆனா ஜோரான கதை. பெரியவங்களுக்கு ஊத்திட்டுதான் நமக்கு ஊத்திக்கணும். கெட்டில் காலியா? சர்வர கூப்பிடவே வேணாம், மூடிய சாய்ச்சு வைங்க, புரிஞ்சிப்பாங்க. டிம்சம்மோட (அங்கத்த குட்டி குட்டி பலகாரங்க) வர்ற டீல பால் கிடையாது, நம்மூர் டீக்கடை மாதிரி துணில வடிகட்டின பால் டீ வேணும்னா சா சான் தெங்னு சொல்ற அந்த ஊர் சாதாரண டீ-சாப்பாட்டுக் கடைக்கு போங்க, எவாப்பரேட்டட் பால் (சுண்டவெச்ச கெட்டிப் பால்) ஊத்தி ஸ்ட்ராங்கா தருவாங்க.