14 குட்டி ஈன்ற தாயின் மகனுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் தூய வெள்ளை யார்க்‌ஷயர் இனத் தாய்ப்பன்றிகள் 12 உள்ளன. சராசரியாக 9 குட்டிகள் ஈன்றவை, சித்திரை, வைகாசியில் இணை சேர்த்தபின் 7 ஆகக் குறைந்துவிட்டன. ஒரே ஈற்றில் 14 குட்டி போட்ட தாயின் மகன் என்று ஒரு வியாபாரி ஓர் ஆண் பன்றியை இரட்டிப்பு விலைக்குத் தருகிறார். வாங்கினால் குட்டிகள் கூடுமா? — நாமக்கல் மாவட்டப் பண்ணையாளர்

பதில்: அந்த விலைக்கு ஏற்றபடி கூடாது. குட்டி எண்ணிக்கையின் மரபுவழித் திறன், அதாவது பன்றிக்குப் பன்றி காணும் வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு, ஏறத்தாழ 10 விழுக்காடுதான். மீதி வேறுபாடெல்லாம் பெரும்பாலும் தீவனம், ஈற்று வரிசை, வெப்பம், இணை சேர்த்த நேரம் ஆகியவற்றால் வருவது. அந்தத் தாய் உங்கள் சராசரியைவிடக் கூடுதலாக ஈன்ற 5 குட்டிகளில் மரபு சார்ந்தது அரைக் குட்டி. அதில் பாதி மகனுக்கும், அதிலும் பாதி அவனுடைய மகள்களுக்கும் போகும் என்று கணக்கிட்டால், எட்டு ஈற்றுக்கு ஒரு குட்டி கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் அம்மகள்கள் ஈனும்போதுதான். இப்போதுள்ள தாய்களின் ஈற்றில் இந்தப் பெருமை சேராது.

வியாபாரி ஒரு நல்ல ஈற்றைச் சொல்லி விற்கிறார். மற்ற ஈற்றுகளைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. நான்கு ஈற்றுகளில் சராசரியாக 11 குட்டிகள் ஈன்ற தாய், ஒரே ஒரு முறை 14 ஈன்ற தாய்க்கு மரபு மதிப்பில் ஏறக்குறைய சமம். அப்படிப்பட்ட தாய் உங்கள் கொட்டகையிலேயே இருக்கலாம். பதிவேடு இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பன்றிக்கும் காதில் எண் இட்டு, தாய், தந்தை, இணை சேர்த்த நாள், எத்தனையாவது ஈற்று, உயிரோடும் இறந்தும் பிறந்தவை, வேறு தாயிடம் மாற்றிய குட்டிகள் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். முதல் ஈற்றில் குட்டிகள் குறைவாக இருப்பது இயல்பு என்பதால், முதல் ஈற்றை முதல் ஈற்றோடுதான் ஒப்பிட வேண்டும். வம்சாவளித் தாள் இல்லாத இடத்தில் வெள்ளைத் தோலையும் நிமிர்ந்த காதையும் மட்டும் காட்டித் தூய இனம் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். நெருங்கிய உறவுள்ள ஆண் பன்றி வந்து சேர்ந்தால் குட்டி எண்ணிக்கை இன்னும் இறங்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கோடையைப் பற்றி. கடும் வெப்பத்தில் தவித்த ஆண் பன்றியின் விந்துத் தரம் ஐந்தாறு வாரங்கள் வரை தாழ்ந்தே இருக்கும். இரட்டிப்பு விலைப் பணத்தில் அதன் கொட்டகைக்கு நீர்த்தெளிப்பான் போடுங்கள். ஒரே சினைப்பருவத்தில் 12 மணி நேர இடைவெளியில் இருமுறை இணை சேருங்கள்.

பெண் குட்டிகளைத் தேர்ந்தெடுக்கையில் காம்புகளை எண்ணுங்கள். காம்பு எண்ணிக்கையின் மரபுவழித் திறன் குட்டி எண்ணிக்கையினதைவிட மிக அதிகம். 14 நல்ல காம்புகளுக்குக் குறைந்ததையும், உள்ளிழுத்த காம்பு உடையதையும் இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.