ஓசிடி படத்தில் கீழ் அடுக்குத் துளைகள் தெரியாதது பற்றி

செல்கள் கலந்த ஜெல்லை (உயிர்-மை) அடுக்கடுக்காக அச்சிட்டுச் செய்த உங்கள் சாரத்தை, அதாவது செல்களைத் தாங்கும் துளைகள் கொண்ட சட்டகத்தை, ஓசிடியில் (ஒளியால் உள் அடுக்குகளைப் படமெடுக்கும் முறை) பார்த்தபோது கீழ் அடுக்குத் துளைகள் தெரியவில்லை என்கிறீர்கள். துளைகள் அடைபட்டுவிட்டன என்று இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அச்சு அழுத்தத்தில் இப்போதைக்குக் கை வைக்கவும் வேண்டாம். செல்கள் கலந்த ஜெல் ஒளியைச் சிதறடிக்கும். ஓசிடி ஒளி அதில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான் உருப்படியாக இறங்கும். உங்கள் சாரமோ 3 மில்லிமீட்டர் உயரம்.

தட்டின் அடிப்பக்கம் தெளிவாக இருந்தால், மூடியைத் திறக்காமல் கீழிருந்து ஸ்கேன் செய்யுங்கள். குவியத்தைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். இருட்டு மேல் அடுக்குகளுக்கு இடம் மாறினால், அது ஒளி தேய்வுதான். கீழ் அடுக்கில் அப்போதும் துளை தெரியாவிட்டால் உயிர்-மை சரிந்து துளைகளை மூடியிருக்க வாய்ப்பு அதிகம். (மேலே ஓடும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் வெறும் பிரதிபலிப்பு, தட்டைச் சற்றே சாய்த்தால் மறையும்.)

படத்தின் ஆழ அளவு உண்மை ஆழமாக இல்லாமல் ஒளிப்பாதை நீளமாகவும் (உண்மை ஆழத்தை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கியது) இருக்கலாம். மென்பொருள் திருத்தவில்லை என்றால், ஜெல்லின் ஒளிவிலகல் எண்ணால், நீர் மிகுந்ததற்குச் சுமார் 1.35, வகுத்த பிறகே துளை உயரத்தைக் குறியுங்கள்.