மாதத் தவணை 2,500 வெள்ளி, உண்மைச் செலவு எவ்வளவு?

கேள்வி: வயது 34. கோவைக்காரன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன். ஏழு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பொறியாளர். மாதம் 9,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைக்கு வருகிறது. செங்காங்கில் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட வேண்டும் என்பது சிறுவயது ஆசை. இப்போது போர்ஷ 718 கேமன் ஒன்று, நான்கு ஆண்டு ஓடியது, 2,58,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஓட்டுவதற்கான பத்தாண்டு உரிமையில் இன்னும் 6 ஆண்டு பாக்கி. கடைசியில், பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியாக, 53,500 வெள்ளி அரசிடமிருந்து திரும்பக் கிடைக்கும் என்கிறார் விற்பவர். முன்பணம் போக மாதத் தவணை 2,500. காப்புறுதி (காப்பீடு) ஆண்டுக்கு 3,500 கேட்கிறார்கள். இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இதற்கிடையே அலுவலகத்தில் அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கோ துபாய்க்கோ மாற்றலாகிப் போகும்படி கேட்கிறார்கள். என்றாவது ஊர் திரும்புவோம். எந்த நாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகும்? என் மனைவி, “இரண்டாவது குழந்தை வரப்போகிறது, இரண்டே இருக்கை உள்ள காரா?” என்கிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிங்கப்பூர்)

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையில் தவறு எதுவும் இல்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தால், அது பகட்டு அல்ல. அதனால்தான் “குடும்பஸ்தருக்கு எதற்கு இது” என்று ஒரே வரியில் முடிக்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கின்படி, சிங்கப்பூரில் இந்தக் காரை வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது 2,500 என்ற எண். தவணை என்பது வங்கிக்குக் கட்டுவது. அது காரின் செலவு ஆகாது. போய்த் திரும்பாத பணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விலை 2,58,000, ஆறாம் ஆண்டு முடிவில் கைக்கு வருவது 53,500. இடையில் கரைவது 2,04,500. ஆறால் வகுத்தால் ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்குச் சற்று மேல். சிங்கப்பூரில் பழைய கார் விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்திலேயே ஆண்டுத் தேய்மானம் என்று ஒரு தொகை போட்டிருப்பார்களே, அது இதுதான். அந்த ஊரில் முதலில் படிக்க வேண்டிய வரியும் அதுதான்.

அதன்மேல் மற்றவற்றை வைப்போம். அந்த ஊர் விதிப்படி இத்தகைய காருக்கு விலையில் 60 சதவீதத்துக்கு மேல் கடன் கிடைக்காது. ஆகவே 1,03,200 வெள்ளி உங்கள் சேமிப்பிலிருந்து போகும். மீதிக் கடனுக்கு, நீங்கள் சொன்ன தவணையை வைத்துப் பார்த்தால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 4,200 அளவுக்கு வருகிறது. 1,988 சிசி எஞ்சினுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 846. காப்புறுதி 3,500. வீவக கூரையுள்ள கார்நிறுத்துமிடம் மாதம் 110 வீதம் 1,320. இதுவரை 44,000ஐ நெருங்கிவிட்டது. பெட்ரோல், சர்வீஸ், டயர், மின்னியல் சாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 6,000 என்று குறைத்தே போட்டாலும் ஆண்டுக்கு 50,000 வெள்ளி. மாதத்துக்கு 4,100க்கு மேல். கைக்கு வரும் சம்பளத்தில் நாற்பது சதவீதத்தைத் தாண்டுகிறது. வீட்டு வாடகையும் குழந்தையின் செலவும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இவ்வளவு பணமும் போர்ஷ நிறுவனத்துக்குப் போகிறதா என்றால் இல்லை. அதே மாதிரி ஒரு காரைப் புதிதாக இன்று பதிவு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்து இறங்கும்போது அதன் திறந்த சந்தை மதிப்பு 75,000 வெள்ளி. உற்பத்தி வரி 20 சதவீதம், 15,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி, 8,100. அடுத்தது கூடுதல் பதிவுக் கட்டணம். 2023இல் மாற்றியமைத்த படிநிலைப்படி முதல் 20,000க்கு 100 சதவீதம், அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, அதற்கு மேல் 250, உச்சப் படியில் 320. உங்கள் 75,000க்கு அது 1,23,500 ஆகிறது. பிறகு சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். மாதம் இருமுறை ஏலம். பத்தாண்டுக்கு மட்டுமே செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவில் 1,50,001 வெள்ளிக்குப் போனது. நாம் 1,20,000 என்று வைப்போம். கூட்டினால் 3,41,600. விற்பனையாளரின் லாபம் இதற்கு வெளியே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் அல்லவா? இங்கே கணக்கு அந்தப் பழமொழியைவிட மோசம். கார் கால் பணம்கூட இல்லை.

சிங்கப்பூர் அரசைக் குறை சொல்லவில்லை. கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. எல்லாரும் கார் வாங்கினால் நிற்க இடம் இருக்காது. 1990இல் அந்தச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். ஆனால் வாங்குபவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே உங்களுக்குச் சொந்தமாவது பத்தாண்டு ஓட்டும் உரிமை. அந்த உரிமை, கார் வீட்டில் நின்றாலும் ஓடினாலும் நாள்தோறும் கரைகிறது. ஓடினால்தான் எங்கே ஓடும்? விரைவுச்சாலையிலேயே மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். மலேசியாவுக்குப் போய் ஓட்டலாம் என்பீர்கள். வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டே மாற்றலாகிப் போனால் இடையில் விற்க வேண்டும். அவசரத்தில் விற்பவருக்கு வியாபாரி என்ன விலை தருவார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்டுட்கார்ட் வேறு உலகம். உங்கள் கார் பிறந்த ஊரே அதுதான். போர்ஷ தொழிற்சாலை இருக்கும் சுஃபன்ஹவுசன் அந்நகரின் ஒரு பகுதி. சாதாரண பெட்ரோல் 718 மாடல்களை 2024 கோடையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பதில்லை. வாகனங்களின் இணையப் பாதுகாப்பு பற்றிய புதிய விதிக்கு ஏற்ப அவற்றை மாற்றவில்லை என்பது காரணம். எனவே பழையதுதான் கிடைக்கும். எப்படியும் உங்களுக்குப் பழையதே போதும்.

ஜெர்மனியில் பதிவு செய்வதற்காக லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி, புதிய கார் வாங்கியவர் ஏற்கெனவே கட்டியது. ஆண்டு வரியைக் கணக்கிடும் முறை தெளிவானது. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு 100 சிசிக்கும் 2 யூரோ. 2021 முதல் பதிவான கார் என்றால், கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் விடும் கரியமில வாயுவுக்குப் படிப்படியாக ஏறும் கட்டணம். உங்கள் கார் 210 கிராம் விடுவதாக வைத்தால் மொத்தம் ஆண்டுக்கு 360 யூரோ. அதையும் குறைக்க ஒரு வழி உண்டு. பருவகால எண்பலகை என்று அங்கே ஒன்று கிடைக்கும். பலகையின் வலது ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் சாலைக்கு வரலாம் என்று பொருள். அந்த ஏழு மாதத்துக்கு மட்டுமே வரியும் காப்பீடும். மற்ற மாதங்களில் பொதுத்தெருவில் நிறுத்தவும் கூடாது. ஆகவே ஒரு கொட்டகை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். பனியில் ஓட்டாததால் குளிர்கால டயர் செலவும் மிச்சம்.

அங்கே உங்களைக் கடிக்கப்போவது காப்பீடு. விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்கு ஏற்ப ஜெர்மானிய நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகும். புதிதாக வருபவருக்கு அந்த வரலாறு இல்லை, அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். சக்தி வாய்ந்த கார், வரலாறு இல்லாத ஓட்டுநர், முழுக் காப்பீடு என்று மூன்றும் சேர்ந்தால் முதலாண்டுக் கட்டணத்தைப் பார்த்து மனம் தளரும். முதல் ஓர் ஆண்டு சாதாரண காரில் ஓட்டி வரலாற்றைத் தொடங்கிவிட்டு, பிறகு கேமனை வாங்குவதுதான் அறிவுடைமை.

இப்போது தொகை. 50,000 யூரோவுக்கு ஒரு நல்ல 718 வாங்குகிறீர்கள் என்று என் மதிப்பில் போடுகிறேன். ஆண்டுத் தேய்மானம் 4,000. ஏழு மாத வரி 210. காப்பீடு 1,800. கொட்டகை 1,200. சர்வீஸ், டயர், பிரேக்குக்கு 2,000. மொத்தம் 9,210 யூரோ. பெட்ரோல் தனி. யூரோவுக்கு ஒன்றரை வெள்ளி என்றால் 14,000 வெள்ளிக்கும் குறைவு. சிங்கப்பூர்க் கணக்கில் பெட்ரோலுக்கு முன்பே 44,000 வந்ததே, அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கிடைப்பது என்ன தெரியுமா? பொதுவான வேகவரம்பு இல்லாத ஆட்டோபான் விரைவுச்சாலைப் பகுதிகள். அதைவிட மேலாக நான் சொல்வது, பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைமுகட்டில் வளைந்து வளைந்து போகும் பி 500 சாலை. கேமன் போன்ற கார் அந்த வளைவுகளுக்காகவே பிறந்தது. ஒரே எச்சரிக்கை: நூர்பர்க்ரிங் கார் பந்தயப் பாதையில் ஓட்ட ஆசைப்பட்டால் காப்பீட்டு ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். அங்கே நடக்கும் சேதத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. தடுப்புக் கம்பிக்கு ஆன சேதத்தைக்கூட உங்களிடம்தான் வசூலிப்பார்கள்.

பக்கத்து நாடுதானே என்று ரைன் நதியைத் தாண்டிப் பிரான்ஸில் வீடு பார்த்துவிடாதீர்கள். அங்கே அதிகப் புகை விடும் காரை முதன்முறை பதிவு செய்யும்போது ஒரு தண்டவரி உண்டு. 2025இல் அதன் உச்சம் 70,000 யூரோ. 192 கிராமைத் தாண்டிய புதிய கார்கள் எல்லாம் அந்த உச்சத்தில் விழுந்தன. அடிப்படை கேமனின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான்.

துபாயைப் பொறுத்தவரை வாங்குவது மிக எளிது. சுங்கத் தீர்வை 5 சதவீதம், மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். வங்கி 80 சதவீதம் வரை கடன் தரும், ஐந்தாண்டில் அடைக்க வேண்டும். எனக்குத் தயக்கம் தருவது வேறு. உங்கள் வசிப்புரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் காரை உடனே விற்றாக வேண்டும். கடன் பாக்கி விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அதை அடைக்காமல் நிம்மதியாக ஊர் திரும்ப முடியாது. அங்கே கார் வாங்குவதானால் கடனில்லாமல் வாங்குங்கள். அமெரிக்காவில் விபத்தில் சிக்கி ஏலத்தில் போன கார்கள் பளபளப்பாக அங்கே வந்து நிற்பதுண்டு. வளைகுடாத் தரத்தில் தயாரான காரா என்பதைச் சரிபார்க்காமல் கை நீட்டாதீர்கள். கோடை மாதங்களில் வெயில், பேட்டரியையும் டயரையும் ரப்பர் பாகங்களையும் வேகமாகத் தின்றுவிடும்.

கோவைக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஜெர்மனியிலும் துபாயிலும் ஸ்டியரிங் இடப்பக்கம்; அத்தகைய காரை இந்தியாவில் இறக்கிப் பதிவு செய்ய முடியாது. குடிபெயர்ந்து வருபவரின் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை காருக்குக் கிடையாது. இங்கே புதிதாக வாங்கினால்? 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு இறக்குமதிக் காருக்கு 110 சதவீதத் தீர்வை, அதன்மேல் 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜிஎஸ்டி. துறைமுகத்தில் 1 கோடி ரூபாய் மதிப்புள்ள கார் 2 கோடியே 94 லட்சமாகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். மூன்றரைக் கோடியைத் தொட்டுவிடும். அதன்பின் அவிநாசி சாலை வேகத்தடைகளில் அதன் வயிறு உரசும்போது உங்கள் வயிறும் கலங்கும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே மிகப் பெரிய செலவை அவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு குழந்தைகளோடு நால்வர் ஏற முடியாத கார் வீட்டின் ஒரே காராக இருக்க முடியாது. அப்படியானால் இன்னொரு கார் வேண்டும், அல்லது நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் டாக்சிக்குக் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் இரண்டாவது கார் என்பது இரண்டாவது உரிமைச் சான்றிதழ். ஸ்டுட்கார்ட்டில் ஒரு பழைய குடும்பக் காருக்கு அந்தச் சான்றிதழ் விலையில் பத்தில் ஒரு பங்கு போதும். எனவே இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். குடும்பக் கார் முதலில், கேமன் பிறகு என்று எழுதிவைத்துவிட்டால் அவருக்கும் எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அலுவலகம் கேட்டதற்கு, வேலையும் குழந்தைகளின் படிப்பும் பார்த்து முடிவெடுங்கள். காருக்காக நாடு தேர்ந்தெடுக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட் என்று முடிவானால், போனதும் ஒரு வார இறுதிக்கு அதே மாடலை வாடகைக்கு எடுத்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு பி 500இல் ஓட்டிப் பாருங்கள். விற்பவரிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏதேனும் முன்பணம் கொடுத்திருந்தால், எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள். சிங்கப்பூரில் இதற்கு முன் உங்கள் பெயரில் எந்த வாகனத்துக்காவது, மோட்டார் சைக்கிளானாலும் சரி, காப்புறுதி எடுத்திருந்தால், விபத்தில்லாமல் ஓட்டியதற்கான சான்றிதழை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவையுங்கள். சில ஜெர்மானிய நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஏற்றால் முதலாண்டிலேயே சில நூறு யூரோ மிச்சமாகும்.